உள்ளங்கை வெல்லம்

அமெரிக்காவில், லிவர்மோரில் மகன் வீட்டில் இருக்கிறோம், நானும் என் மகளும். மகளுக்கு முப்பத்தாறு வயது. பேச்சு வராது. பிடித்துக்கொள்ளாமல் நடக்க முடியாது. சனிக்கிழமைதோறும் மகன் எங்களை மலைக்கு அந்தப் பக்கம் உள்ள குதிரைப் பண்ணைக்குக் கூட்டிப்போவான். இவளைப் போன்றவர்களை அங்கே குதிரையில் ஏற்றிச் சுற்றி வருவார்கள். இரண்டு பக்கமும் ஆள் நடக்கும். வீட்டில் கூனியே உட்காருகிறவள் அதன்மேல் நிமிர்ந்து உட்காருவாள்.

வயதான பழுப்புக் குதிரை. என் பிள்ளையைச் சுமக்கிற ஜீவனை வெறும் வாயோடு அனுப்ப எனக்கு மனசு வரவில்லை. மாட்டுப் பொங்கலன்று மாட்டுக்கு ஊட்டுகிற மாதிரிதானே என்று முந்தானையில் வெல்லம் முடிந்துகொண்டு போவேன். மகன் போன் பேசப் போன சமயம் பார்த்து, மகளின் உள்ளங்கையில் வைத்து நீட்டச் சொல்வேன். குதிரை நக்கும். அவள் சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்காக வாரா வாரம் கட்டி பெரிதாகிக்கொண்டே போனது.

ஒரு சனிக்கிழமை குதிரை முன்காலை ஊன்ற முடியாமல் நின்றது. குளம்புக்குள் வீக்கம். சொல்லித்தருகிற வெள்ளைக்கார அம்மா எல்லாரிடமும் ஏதோ கேட்டாள். மகன் என் பக்கம் திரும்பினான்.

"இதுக்கு ஸ்வீட்டே ஆகாதாம்மா, குளம்பு வீங்கிடுமாம். போர்டுலயே போட்டிருக்கு. நீ ஏதாவது குடுத்தியா?"

நான் தமிழில் ஐந்தாவது வரை படித்தவள். அந்த போர்டுக்குக் கீழேதான் நின்று கொடுத்தேன்.

"நான் என்னத்தடா குடுக்கப்போறேன்."

"அதானே. எங்களுக்கே அளந்துதான் வைப்ப" என்று சிரித்தான்.

மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த வாரம் அந்தக் குதிரையின் கொட்டடி காலி. வலி தாங்காது என்று ஊசி போட்டு முடித்துவிட்டார்களாம். வேறொரு வெள்ளைக் குதிரையைக் கொண்டுவந்தார்கள். மகள் ஏறவில்லை. காலிக் கொட்டடிக்கு முன்னால் என்னைப் பிடித்தபடி நின்று உள்ளங்கையை விரித்து நீட்டினாள்.

திரும்பும்போது காரில் மகனிடம் சொல்லிவிட்டேன்.

"அங்க சொல்லிடாதம்மா. இவ ஸ்லாட் போயிடும். வெயிட்டிங் லிஸ்ட்ல எத்தன பேரு இருக்காங்க தெரியுமா?"

"நான் மன்னிப்பு கேட்டுக்கறேன்டா."

"உனக்கு மனசு ஆறும். இவளுக்கு?"

சொல்லவில்லை. இப்போது வெள்ளைக் குதிரையில் ஏறுகிறாள், நிமிர்ந்தும் உட்காருகிறாள். ஆனால் ஏறுமுன் அந்தக் கொட்டடிக்குப் போய்க் கை நீட்டாமல் இருப்பதில்லை. போன வாரம் அந்த அம்மா அதைப் பார்த்துக் கண்கலங்கி, என் தோளைத் தொட்டாள். நான் தலையை ஆட்டினேன்.

வீட்டிலும் சில நாள் அந்தக் கையை என் பக்கம் விரிக்கிறாள். ஒரு வாய் சோறு வைக்கிறேன். சாப்பிடாமல் அப்படியே நீட்டிக்கொண்டிருக்கிறாள்.