பெயரில்லாத ஃபைல்

எண்பதுகளின் கடைசியில் துவாக்குடி இன்ஜினியரிங் கல்லூரியில் ஆராய்ச்சி மாணவியாக இருந்தேன். ஒரு பாலம் காற்றில் எப்படி ஆடும் என்று கணக்குப் போடும் என் புரோகிராம், டிபார்ட்மென்டில் எல்லோருக்கும் பொதுவான கம்ப்யூட்டரில், அந்த யூனிக்ஸ் மெஷினில், பல நாளாக ஓடிக்கொண்டிருந்தது. ஒரு காலை போய்ப் பார்த்தால், விடைகள் சேரும் ஃபைலைக் காணோம். தற்காலிக ஃபைல்களுக்கான இடத்தில் அதை வைத்திருந்தேன். அந்த இடத்தை வாராவாரம் மெஷின் தானே பெருக்கித் தள்ளிவிடும். மறுபடி ஓட்ட எனக்கு ஒதுக்கிய நேரம் மிச்சமில்லை. தீசிஸ் கொடுக்கும் நாளோ நெருங்கிவிட்டது. அழுதுகொண்டே, மெஷினைக் கவனித்துக்கொண்டவரிடம் ஓடினேன்.

அவர் என்னோடு ஆராய்ச்சி செய்தவர், ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ்ஸில் வருபவர். கொஞ்சம் தலைக்கனம் உண்டு.

"புரோகிராமை நிறுத்திட்டீங்களா?"

"இல்லைங்க, ஓடிட்டுதான் இருக்கு."

"தப்பிச்சீங்க. பேர்தான் அழிஞ்சிருக்கு. ஓடுற புரோகிராம் திறந்து வெச்சிருக்கிற வரைக்கும் ஃபைல் அழியாது."

ஆறுதலுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். எந்தப் புரோகிராம் எந்த ஃபைலைப் பிடித்திருக்கிறது என்று அவர் மெஷினையே கேட்டார். திரையில் என் புரோகிராமின் எண் வந்தது. அதன் கீழே அது திறந்து வைத்திருந்த ஃபைல்கள். அதில் ஒன்றுக்குப் பெயரே இல்லை. சற்றுப் பொறுத்து மறுபடி கேட்டார். அதன் அளவு கூடியிருந்தது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. யார் கண்ணுக்கும் படாத ஓரிடத்தில் என் விடைகள் சேர்ந்துகொண்டே இருந்தன.

"புரோகிராம் முடிஞ்சா ஃபைலும் போயிடும். அதுக்குள்ள எடுக்கணும்" என்று, டிஸ்க்கில் அது கிடந்த இடங்களைத் தேடித் துண்டு துண்டாக நகலெடுக்க ஆரம்பித்தார். இத்தனை நாளும் சீக்கிரம் முடியாதா என்று அந்த மெஷினை நச்சரித்தவள், முடிந்துவிடாதே என்று அதனிடமே கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

நகலைத் திறந்து நான் எண்களைப் படித்துக்கொண்டிருந்தபோதே புரோகிராம் முடிந்தது. அவர் மெஷினை இன்னொரு முறை கேட்டுப் பார்த்தார். என் புரோகிராமின் எண் இல்லை, அந்த ஃபைலும் இல்லை. டிஸ்க்கில் காலியிடம் கூடியிருந்தது. நகலெடுத்த பிறகு எழுதப்பட்ட சில வரிகள் மட்டும் அதோடு போய்விட்டன. அவற்றைப் பிறகு கையால் கணக்குப் போட்டுக்கொண்டேன்.

"அதான் கிடைச்சிருச்சே, இன்னும் ஏங்க அழுறீங்க?" என்றார்.

கிடைத்த சந்தோஷம் ஒரு பக்கம். யாரும் படிக்கப்போவதில்லை என்று தெரியாமல், கடைசி விடைவரை எழுதிவிட்டு அந்தப் புரோகிராம் போயிருந்ததே, அதை என்னால் தாங்க முடியவில்லை.