மஞ்சள் கிண்ணத்தில் நீலப் புள்ளி

பக்கப் பார்வையைச் சோதிக்கும் கருவியில் முகவாய் வைக்கும் இடத்தைத் துடைத்துவிட்டு, புள்ளியம்மா முதலில் தன் முகவாயைத்தான் அங்கே பொருத்துவார். தினமும் காலையில் இதே கதைதான். எதிரே பெரிய கிண்ணம் ஒன்றைப் படுக்க வைத்ததுபோல் ஒரு குழிவு. உள்ளே மஞ்சள் வெளிச்சம். அதன்மேல் எங்காவது ஒரு நீலப் புள்ளி தோன்றி, கண் இமைப்பதற்குள் மறையும். நடுக்குறியிலிருந்து பார்வையை எடுக்காமல், புள்ளி தெரிந்தால் கையிலுள்ள பொத்தானை அழுத்த வேண்டும். தன் இரண்டு கண்களையும் சோதித்து முடித்த பிறகுதான் வெளியே காத்திருப்பவர்களைக் கூப்பிடுவார். "மிஷின் பொய் சொன்னா ஒத்துக்க மாட்டேன். மனுஷன் பொய் சொன்னா விடவே மாட்டேன்" என்பார்.

கண் மருத்துவமனை முழுக்க அவருக்குப் புள்ளியம்மா என்றுதான் பெயர். டிக்டிக் சத்தம் கவனத்தைக் கலைக்கும் என்று தன் அறைச் சுவரில் கடிகாரம் மாட்ட விடமாட்டார். துணைக்கு வந்தவர்களுக்கு உள்ளே இடம் கிடையாது. ஒருமுறை ஒரு மனைவி, "அழுத்துங்க, அழுத்துங்க" என்று கணவரை விலாவில் இடித்து இடித்தே சோதனையைப் பாழாக்கிவிட்டாராம். அதைச் சொல்லும்போது புள்ளியம்மாவுக்கு இன்றும் மூக்கு விடைக்கும். அவருடைய வீட்டுக்காரர் பாடு இன்னும் மோசம். "எனக்கு நல்லாத்தான் தெரியுதுன்னு ஒருநாள் வாய் தவறிச் சொல்லிட்டேன். அன்னியிலேருந்து வருஷத்துக்கு ரெண்டு தடவை உக்கார வச்சிடறா" என்று அலுத்துக்கொள்கிறார்.

"நல்லாத்தானே தெரியுது" என்ற பேச்சைக் கேட்டாலே புள்ளியம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வரும். அவர் தேடிப் பிடிக்கும் கண் அழுத்த நோய்க்கு வலி கிடையாது. பார்வையை ஓரங்களிலிருந்து தின்றுகொண்டே வரும். நடுப்பார்வையைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளும். எழுத்து அட்டையைக் கடைசி வரி வரை கடகடவென்று படிப்பவர்தான் இங்கே வந்து பாதிப் புள்ளிகளைக் கோட்டைவிடுவார். போனது போனதுதான், மிச்சத்தைத்தான் காப்பாற்ற முடியும். "திருடன் பின்பக்கமா சாமான் சாமானா தூக்கிட்டிருக்கான். இவங்க வாசக்கதவு பூட்டியிருக்குன்னு சந்தோஷப்படறாங்க!"

போன வாரம் பள்ளி வேன் நிறுவனம் ஒன்றின் மேற்பார்வையாளர் ஐந்து ஓட்டுநர்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். நான்கு பேர் ஒழுங்காக முடித்துவிட்டுப் போனார்கள். ஐந்தாமவருக்கு ஐம்பது வயதிருக்கும். ஒரு புள்ளியைக்கூட விடாமல் அழுத்தினார். புள்ளியே வராதபோதும் அழுத்தினார்! ஒவ்வொரு புள்ளியோடும் கருவியில் 'டிக்' என்று ஒரு சத்தம் வரும். நடுநடுவே புள்ளி இல்லாமல் வெறும் சத்தத்தை மட்டும் எழுப்பும். அழுத்துபவர் உண்மையிலேயே பார்த்துத்தான் அழுத்துகிறாரா என்று பிடிப்பதற்காக அந்த ஏற்பாடு. அந்தச் சத்தத்துக்கும் அவருடைய கட்டைவிரல் துள்ளியது.

"யாருண்ணே இதைச் சொல்லிக் குடுத்தது?"

"சூப்பர்வைசர்தாம்மா. டிக்குன்னு கேட்டதும் அழுத்து, பாஸாயிடுவேன்னாரு. இருபத்திரெண்டு வருஷமா ஓட்டறேன், வண்டியில ஒரு கீறல் கிடையாது."

கண்ணைச் சோதிக்கும் இடத்துக்குக் காதைப் பழக்கி அனுப்பியிருக்கிறார் மனிதர்! ஊரார் பிள்ளைகள் என்றால் அவ்வளவு இளப்பமா? புள்ளியம்மா கதவைத் திறந்தார். மேற்பார்வையாளர் சுவரில் சாய்ந்து நின்றிருந்தார்.

"விடுங்க மேடம், அட்டையெல்லாம் நல்லாப் படிச்சிட்டாரு. நீங்க ரிப்போர்ட்டை அனுப்புனா டாக்டர் கையெழுத்துப் போட்டுடுவாரு. மூணு மணிக்கு ஸ்கூல் விடுது, வண்டிக்கு வேற ஆள் இல்ல."

"முப்பது பிள்ளைங்க ஏறுற வண்டி அது. பக்கத்துல சைக்கிள்ல வர்ற பிள்ளை டிக்குன்னு சத்தம் போட்டுட்டா வரும்?"

அவர் வாயைத் திறப்பதற்குள் கதவு அறைந்து சாத்தப்பட்டது.

பஞ்சை உருட்டி ஓட்டுநரின் இரண்டு காதுகளையும் அடைத்தார். மின்விசிறியை முழு வேகத்தில் சுழலவிட்டார். வலது கண்ணை மறைத்து, முதலிலிருந்து தொடங்கினார். கிண்ணத்தின் நட்டநடுவில் வந்த நாலைந்து புள்ளிகளுக்கு ஓட்டுநர் சரியாக அழுத்தினார். பிறகு விரல் நின்றுபோயிற்று. மேலே ஒன்று, இடப்பக்கம் இரண்டு, கீழே ஒன்று என்று புள்ளிகள் வந்து போய்க்கொண்டே இருப்பது புள்ளியம்மாவின் திரையில் தெரிந்தது. விரல் அசையவில்லை. மறைப்பை மாற்றிப் பார்த்தார். அந்தக் கண்ணிலும் இதே நிலைமைதான்.

காதை அடைத்திருந்ததால் ஓட்டுநர் உரக்கக் கேட்டார்: "என்னம்மா, மிஷின் நின்னுடுச்சா?"

இவரைத் திட்டி என்ன ஆகப்போகிறது? இத்தனை வருஷமாக ஒருவரும் இவரை ஒழுங்காக உட்கார வைத்துப் பார்க்கவில்லையே! கண் மறைப்பைக் கழற்றினார். ஓட்டுநரின் சட்டைப் பையில் வேன் சாவி துருத்திக்கொண்டிருந்தது. பக்கத்தில் நின்றபடியே அதைக் கேட்டுக் கையை நீட்டினார். ஓட்டுநர் எதிரே இருந்த மஞ்சள் வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டு, அடுத்த புள்ளிக்குக் காத்திருந்தார். புள்ளியம்மா நீட்டிய கையை மடக்கவில்லை. அதை மெல்ல நகர்த்தி, அவருடைய மூக்குக்கு நேராகக் கொண்டுவந்து, உள்ளங்கையை விரித்தார்.