என்ஜினுக்குள் செருகிய நாளிதழ்

"செவ்வாய் காலை: ஒன்பது சொட்டு. வலது முன் சக்கரத்திலிருந்து ஒரு முழம் உள்ளே. நேற்றைவிட இரண்டு அதிகம்."

சென்ற தை மாதத்து நாளிதழ் ஒன்றின் ஓரத்தில் நான் எழுதிய குறிப்பு இது. செல்லிப்பட்டில் எங்கள் வீட்டு வாசலில் நிற்கும் பழைய காரில் என்ஜின் ஆயில் கசிந்துகொண்டிருந்தது. தினமும் மாலை காருக்கு அடியில் அன்றைய நாளிதழை விரிப்பேன். காலையில் கறைகளை எண்ணி எழுதுவேன். தாளிலேயே தேதி இருப்பதால் தனி நோட்டு தேவைப்படவில்லை.

விளையாட்டுக்குச் செய்யவில்லை. செவ்வாயும் சனியும் என் கணவருக்கு டயாலிசிஸ். பஸ்ஸில் நின்று வர அவருக்குத் தெம்பில்லை, நான்தான் கார் ஓட்ட வேண்டும். ஆயில் வற்றி நடுவழியில் என்ஜின் இறுகிப்போனால் அவரை எப்படிக் கொண்டுபோவது என்ற பயம் என்னைவிட்டுப் போகவே இல்லை. மூலக்குளத்து மெக்கானிக் என்ஜின் மேல்மூடியின் பேக்கிங்கை மாற்றித் தந்தார். ஆனாலும் கசிவு நிற்கவில்லை. கறை தினம் வேறு வேறு இடத்தில் விழுந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை நானே பானெட்டைத் திறந்தேன். ஒரு தாளை நான்காக மடித்து, என்ஜினுக்கும் கீழ்த் தகட்டுக்கும் நடுவே செருகினேன். சொட்டு தரைக்கு வருமுன் பிடித்துவிட்டால் கிளம்பும் இடம் தெரிந்துவிடும் என்று நினைப்பு. மறுநாள் காலை ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் அவசரத்தில் தரையில் விரித்த தாளை மட்டும் எடுத்தேன். மேலே செருகியது நினைவிலேயே இல்லை.

அவர் வழக்கம்போல் பின் இருக்கையில் கால் நீட்டிப் படுத்துக்கொண்டார். வில்லியனூருக்கு வரும் வழியில் இருபக்கமும் கரும்பு.

"இன்னாடி, அப்பளம் தீயிற வாசன வருது?" என்றார்.

"சோகை கொளுத்துறாங்க போல. கண்ணாடிய ஏத்திக்குங்க" என்றேன். தை மாதத்தில் கரும்பு வெட்டிய வயல்களில் காய்ந்த தோகையை எரிக்கும் அந்த நாற்றம் எங்களுக்குப் புதிதல்ல.

சிறிது தூரத்தில் பானெட்டின் ஓரமாகப் புகை வந்தது. ஏசி துவாரம் வழியாகவும் வந்தது. ஓரம் கட்டினேன், சாவியைத் திருப்பினேன், கதவைத் திறந்து ஓடினேன். ஓடினேன் என்பதை எழுதாமல் இருக்க முடியாது.

கரும்பு வெட்டிக்கொண்டிருந்த பெண்கள் கத்தினார்கள். "ஏம்மா! உள்ள ஆளு கீறாரே!"

திரும்பினேன். கண்ணாடிக்குப் பின்னால் புகை. அதற்குள் அவர் உள்ளங்கை தட்டிக்கொண்டிருந்தது. மகள் சிறுமியாக இருந்தபோது போட்ட சைல்டு லாக்கை நாங்கள் எடுக்கவே இல்லை. பின் கதவு உள்ளிருந்து திறக்காது. திரும்ப ஓடிப்போய்க் கைப்பிடியைப் பிடித்தேன். விரல்கள் இரண்டு முறை வழுக்கின. மூன்றாவது முறை திறந்தது. அவர் இருமியபடி என் மேல் சாய்ந்தார்.

ஒரு பெண் குடத்தோடு ஓடி வந்தாள். என் வயதுள்ள இன்னொருத்தி அவளைத் தடுத்தாள். "தண்ணி ஊத்தாதடி! எண்ண எரியிது, பரவிடும். மண்ணப் போடுங்கடி!"

சொல்லிக்கொண்டே அவள் தரையில் குந்தி, கரும்பு வெட்டும் கத்தியை என்ஜினுக்கு அடியில் விட்டுக் கிளறி இழுத்தாள். எரிகிற தாள் கொத்தாக வெளியே விழுந்தது. மற்றவர்கள் வாரி வாரி மண் போட்டார்கள். புகை மெல்ல அடங்கியது. தாளின் மிச்சத்தைக் கத்தி நுனியில் தூக்கிப் பார்த்தாள்.

"பேப்பர் படிக்க ஒனக்கு வேற எடமே கெடைக்கலியா தாயி?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் சாலை ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அந்த வழியாக வந்த ஒரு லோடு வேனை அவர்களே கைகாட்டி நிறுத்தி எங்களை ஏற்றிவிட்டார்கள். தாமதமானாலும் அவருக்கு அன்று டயாலிசிஸ் நடந்தது.

காரை இழுத்துச் சென்ற அதே மெக்கானிக்கிடம் இரண்டு நாள் கழித்துப் போனேன். மண்ணெண்ணெயால் என்ஜினைக் கழுவித் துடைத்து, முகத்துக்குப் போடும் பவுடரை அதன் மேல் தூவியிருந்தார். என்ஜினை ஓடவிட்டு டார்ச் அடித்துக் காட்டினார். வெள்ளைப் பவுடரின் நடுவே ஒரு கறுப்புக் கோடு மெதுவாக இறங்கியது. ஆயில் அழுத்தம் குறைந்தால் விளக்கை எரியவைக்கும் சின்ன சுவிட்ச்சின் அடியிலிருந்து அது கிளம்பியது.

"அக்கா, ஓடும்போது காத்து எண்ணெயச் சிதற அடிக்கிது. அதான் எடம் மாறி மாறி சொட்டுது. கீழ பாத்தா எப்பிடித் தெரியும்? நானும் மொதல்லயே கழுவிப் பாத்திருக்கணும்" என்றார். சுவிட்ச்சை மாற்றினார். சைல்டு லாக்கையும் எடுத்துவிடச் சொன்னேன். அதன் பிறகு ஒரு சொட்டுகூட விழவில்லை.

நன்றி சொல்ல அந்த வயலுக்குப் போனோம். வெட்டு முடிந்து அந்தப் பெண்கள் வேறு ஊருக்குப் போய்விட்டார்கள். எந்த ஊர் என்று அங்கு யாருக்கும் தெரியவில்லை.

திரும்பும்போது, முன் இருக்கையில் இருந்த அவரிடம் கேட்டேன். "அன்னிக்கு எவ்ளோ தூரம் ஓடுனேங்க நானு?"

"எங்கடி ஓடுன? எறங்குன, நேரா வந்து என் கதவத் தொறந்த" என்றார், சாலையைப் பார்த்துக்கொண்டே.

புகையில் அவருக்குத் தெரியவில்லையா, தெரிந்தும் எனக்காக அப்படிச் சொன்னாரா என்பது இன்றுவரை உறுதியாகவில்லை. இன்னொரு முறை கேட்கும் துணிச்சலும் எனக்கு வரவில்லை.