பவளம் அக்காவும் குஜூ மலையின் வெந்நீரும்

செய்தி வந்தபோது நான் வேலையில் நின்றேன். காலைக் குளிப்பு முடிந்து, முதியோர் இல்லத்து அம்மையார் ஒருவருக்குக் கம்பளிச் சட்டையின் பொத்தான்களைப் பூட்டிக்கொண்டிருந்தேன். கைபேசி அதிர்ந்தது. பவளம் அக்காவின் கணவர், குணம் அண்ணை. “நளா, அக்கா விடியப் போயிட்டா. நித்திரையிலைதான். கஷ்டப்படேல்லை,” என்றார். அடுத்து, “அங்கை மழையோ?” என்று கேட்டார். நான் ஜன்னலைப் பார்க்காமலே ஓம் என்றேன். பிறகு மீதிப் பொத்தான்களைப் பூட்டினேன். எல்லாம் ஒரு துளை தள்ளிப் பூட்டுப்பட்டிருந்ததை மத்தியானம்தான் கண்டேன்.

இதை வாசிப்பவர்களில் பலருக்கு அவரைத் தெரியும். டென்மார்க்கில், இந்த ஹோர்சன்ஸில், எங்கள் ஆட்கள் கூடும் எந்த வீட்டிலும் அவர் இருப்பார். ஹேர்னிங் கோயில் திருவிழாவில் வடைச் சட்டிக்குப் பக்கத்தில் வேறு எவரையும் அண்ட விடமாட்டார். கழுத்துவரை மூடிய சட்டை, எங்கும் நழுவாமல் ஊசி குத்திய சேலை, கூர்மையான வாய். அந்தப் பவளம் அக்காவைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. உங்களுக்குத் தெரியாத ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். சொல்லச் சொன்னவரும் அவர்தான், அதனால் என்னோடு கோபிக்க வேண்டாம்.

நாங்கள் இருவரும் ஒரே முதியோர் இல்லத்தில் வேலை செய்தோம். பிறரைக் குளிப்பாட்டுவதுதான் எங்கள் பிழைப்பு. குளிக்கவே மாட்டேன் என்று கட்டில் கம்பியைப் பிடித்துக்கொள்ளும் முன்னாள் பன்றிப் பண்ணைக்காரர் ஒருவர் இருந்தார். அக்கா அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, இந்த வருடம் குட்டிகள் எப்படி என்று தன் உடைந்த டேனிஷில் விசாரிக்கத் தொடங்குவார். மனிதர் குட்டிகளைப் பற்றிப் பேசிப் பேசி, தலையில் சவர்க்கார நுரை ஏறிய பிறகுதான் தான் குளியலறையில் இருப்பதையே கவனிப்பார். “தண்ணி ஊத்த முதல் கதை ஊத்த வேணுமடி,” என்பார் அக்கா. ஊர் உலகத்தின் உடம்பையெல்லாம் கழுவிய அந்தப் பெண், எங்கள் உடைமாற்றும் அறையில் மட்டும் கழிப்பறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டுதான் சீருடை மாற்றுவார். வெட்கக்காரி என்று நான் கேலி செய்வேன்.

ஜப்பான் வந்தது இல்லத்தின் பொதுக்கூடத் தொலைக்காட்சியில். பின்னேரம், கிழவர்கள் அரைத்தூக்கத்தில் இருந்தார்கள். கியூஷு தீவில் குஜூ என்றொரு எரிமலைக் கூட்டம். அதன் ஒரு தோளில் வெள்ளைப் புகை. கீழே சரிவு முழுவதும் இளஞ்சிவப்புப் பூப்புதர். மலைகளுக்கு நடுவே பரந்த புல்வெளி, அதன் ஓரத்தில் வெந்நீர்க் குளிப்பிடம். நடந்து வந்த பெண்கள் சிலர் கழுத்தளவு நீரில் அமர்ந்து, ஆவிக்குள்ளிருந்து ஒன்றும் பேசாமல் ஜன்னலுக்கு வெளியே மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அக்கா கையில் கோப்பித் தட்டோடு நின்றுவிட்டார். “அதுக்குள்ளை ஒருக்கா இருக்க வேணும்,” என்றார். “ஒருத்தரும் கூப்பிடாமல், ஒரு வேலையும் இல்லாமல்.” கோப்பி ஆறிப்போயிற்று.

அன்றிலிருந்து எங்கள் இடைவேளை எல்லாம் அந்த மலையில்தான் கழிந்தது. கைபேசியில் வரைபடத்தைப் பெருப்பித்து வைத்துக்கொண்டு நடப்போம். காலை பஸ்ஸில் இறங்குவது. சதுப்பின் மேல் போட்ட பலகைப் பாதை. பிறகு ஈரமான காடு. பிறகு ஒரு சின்னக் கணவாய், அங்கே மூச்சு வாங்க ஒரு கல்லில் இருப்பது. அங்கிருந்து இறங்கினால் அந்தப் புல்வெளி திடீரென்று விரியும். குளித்து, சாப்பிட்டு, வந்த வழியே திரும்பிப் பின்னேர பஸ்ஸைப் பிடிப்பது. ஒரே நாள். ஆனால் அந்த ஒரு நாளுக்குள் நாங்கள் எத்தனை நாட்கள் இருந்தோம் என்று எனக்கே தெரியாது. ஒருநாள் மழையோடு நடப்போம், ஒருநாள் மூடுபனியோடு. கட்டுச்சோறு புளிச்சாதமா, இடியப்பப் பிரட்டலா என்று கணவாயில் இருந்தபடி சண்டை பிடிப்போம். பூக்கள் ஜூன் தொடக்கத்தில் என்று அறிந்து ஜூனை முடிவு செய்தோம்.

குணம் அண்ணைக்குத்தான் இது பிடிக்கவில்லை. அக்கா பிறந்தது திருகோணமலையில். அங்கே கன்னியாவில் வெந்நீர்க் கிணறுகள் உண்டு. எங்கள் ஆட்கள் பலரும் அங்கே போனது செத்தவர்களுக்குச் செய்யும் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்காகத்தான். “சுடுதண்ணி ஊத்துக்கு ஆர் சும்மா போறது? ஆரின்ரை அந்தியேட்டிக்கு இவ்வளவு தூரம்?” என்றார் அண்ணை. அக்கா மரக்கறி நறுக்குவதை நிறுத்தவில்லை. “என்ரைதான். உயிரோடை இருக்கேக்கையே முடிச்சுப்போட்டு வாறன், உங்களுக்குச் செலவு மிச்சம்,” என்றார். அண்ணை இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

மலைக்குப் பழக வேண்டுமே என்று சனிக்கிழமைகளில் ஹோர்சன்ஸுக்கு வடக்கே உள்ள குன்றுகளில் ஏறினோம். டென்மார்க்கில் மலை என்று சொல்வதைக் கேட்டால் யாழ்ப்பாணத்துத் தென்னைமரம் சிரிக்கும். ஏறத் தொடங்குமுன் உச்சி வந்துவிடும், உச்சியில் ஐஸ்கிரீம் கடை இருக்கும். அது வசந்தகாலம். வயல்களுக்குப் பன்றிச் சாணக் கரைசல் விசிறும் பருவம், காற்றெல்லாம் நாற்றம். நான் மூக்கைப் பொத்தினேன். “கையை எடு. கந்தகமும் இப்பிடித்தான் மணக்கும், இப்பவே பழகு,” என்றார். மூடுபனி வயல்களை மூடியிருந்தது. அவர் கண்களைப் பாதி மூடிக்கொண்டு நடந்தார். அந்த நேரத்தில் அவர் டென்மார்க்கில் இல்லை, எனக்கும் அப்படித்தான் இருந்தது.

பிறகு ஒருநாள் இடைவேளையில் நான்தான் அதை வாசித்துச் சொன்னேன். ஜப்பானில் அந்த நீருக்குள் நீச்சலுடையோடு இறங்க முடியாது.

“ஒரு துண்டும் இல்லாமலோ?”

“ஒரு துண்டும் இல்லாமல். பொம்பிளையளுக்கு வேறை பக்கம்தானே, அக்கா.”

அவர் கோப்பியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார். அதன் பிறகு மலைப் பேச்சே இல்லை. நான் எடுத்தாலும் வேறு எதையாவது சொல்லி வெட்டிவிடுவார். பல வாரங்கள் கழித்து, வேலை முடிந்து கார் நிறுத்துமிடத்தில், தன் காருக்குள் என்னைக் கூப்பிட்டு இருத்திச் சொன்னார்.

சில வருடங்களுக்கு முன் அவர் பழனிக்கு நேர்த்தி வைத்துப் போய் மொட்டையடித்து வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். எவ்வளவு பக்தி என்று வியந்தோம். திருநீறு கொண்டுவந்து வீடு வீடாகக் கொடுத்தார், நானும் வாங்கிப் பூசினேன். பஞ்சாமிர்தம் எங்கே என்று கேட்டவர்களுக்கு, விமானத்தில் விடவில்லை என்றார். அவர் பழனிக்குப் போகவே இல்லை. அந்த மாதங்களில் அவர் ஆஸ்பத்திரியில் இருந்தார். புற்றுநோய் வந்து ஒரு மார்பை எடுத்துவிட்டார்கள். மருந்தில் மயிர் கொட்டியது. குணம் அண்ணையைத் தவிர எவருக்கும் சொல்லவில்லை. திருநீறு ஹேர்னிங் கோயிலில் வாங்கியது.

“ஐயோ பாவம் எண்டு ஒருத்தரும் என்னைப் பாக்கக் கூடாது,” என்றார். “அந்தப் பார்வையாலை ஏலாத ஆக்களை நான் எத்தினை தரம் பாத்திருப்பன். எனக்கு அது வேண்டாம்.” பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். “எனக்குப் பிள்ளையளும் இல்லை. நான் செத்தால் ஊர்ப் பொம்பிளையள் எல்லாம் குளிப்பாட்ட வருவினம். நீ மட்டும் குளிப்பாட்டு. கதவைப் பூட்டிப்போட்டு. ஒருத்தரையும் விடாதை. சத்தியம் பண்ணு.” நான் சத்தியம் பண்ணினேன். காரின் கண்ணாடியெல்லாம் எங்கள் மூச்சில் புகைந்திருந்தது.

ஆனாலும் அந்த மலை அவரை விடவில்லை. கோடை விடுமுறையில் ஒருநாள் அவராகவே வந்து, “நீச்சல் மண்டபத்துக்குப் போவம்,” என்றார். இந்த நாட்டு நீச்சல் மண்டபம் என்றாலே எங்கள் பெண்களுக்கு நடுக்கம். குளத்தில் இறங்குமுன் பொது இடத்தில் ஆடையில்லாமல் நின்று உடம்பு கழுவ வேண்டும். எந்தெந்த இடத்தைச் சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டும் என்று சுவரில் வட்டம் போட்ட படம் வேறு. முதல் முறை அந்தப் படத்தைக் கண்டதோடு திரும்பிவிட்டோம். கீழே உள்ள சிற்றுண்டிச்சாலையில் உருளைக்கிழங்குப் பொரியல் தின்றுவிட்டு வீட்டுக்கு வந்தோம்.

இரண்டாம் முறை நான் துவாயை இறுக்கிச் சுற்றிக்கொண்டு சுவரைப் பார்த்தபடி நின்றேன். அக்கா கழற்றிவிட்டார். ஒரே இழுவையாக, காயத்தின் ஒட்டுத்துணியைப் பிய்ப்பது மாதிரி. பக்கத்துக் குழாயில் நின்ற டேனிஷ் கிழவி ஒருத்தி திரும்பினாள். கிழவி அக்காவை மேலும் கீழும் பார்க்கவில்லை. தன் சவர்க்காரப் போத்தல் விழுந்துவிட்டது, குனிய முடியவில்லை, எடுத்துத் தர முடியுமா என்றாள். அக்கா எடுத்துக் கொடுத்தார். பிறகு பழக்க தோஷம் விடுமா? குழாய் நீரைக் கையில் பிடித்துச் சூடு பார்த்தார், கிழவிக்கு எந்த ஊர் என்று கேட்டார், கேட்டுக்கொண்டே அவள் முதுகைத் தேய்த்து விடத் தொடங்கினார். ஆவி நிறைந்த அந்த அறையில் இரண்டு பேரும் வெறும் உடம்போடு நின்று பேரப்பிள்ளைகளைப் பற்றியும் முழங்கால் வலியைப் பற்றியும் கதைத்துக்கொண்டிருந்தார்கள்.

வெளியே வந்து அக்கா தலையைத் துவட்டினார். பிறகு, ஏமாந்து போனவர் போல, “ஒருத்தரும் பாக்கேல்லையடி,” என்றார். “இவ்வளவு நாளும் நான் ஆருக்கடி ஒளிச்சனான்?” அவர் சிரித்தாரா அழுதாரா என்று எனக்குத் தெரியவில்லை, முகம் ஈரமாகத்தான் இருந்தது. அந்த வாரமே அடுத்த ஜூன் மாதத்துக்கு விமானச் சீட்டு எடுத்தோம்.

குளிர்காலத்தில் நோய் திரும்பி வந்தது. இந்த முறை பழனி இல்லை; நோயை மறைக்கவில்லை, பழைய கதையை மட்டும் எவருக்கும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியின் கடைசி வாரங்களில் நான் கட்டிலருகே இருந்து நடத்திக் கூட்டிப்போவேன். கண்ணை மூடியபடி, “இப்ப எங்கை நிக்கிறம்?” என்பார். “பலகைப் பாதையிலை, அக்கா. ரெண்டு பக்கமும் தண்ணி.” “மெல்லப் போ, வழுக்கும்.” காடு வரும், கணவாய் வரும். கல்லில் இருந்து இளைப்பாறுவோம். அப்படியே தூங்கிவிடுவார். அடுத்த நாள் அந்தக் கல்லிலிருந்தே தொடங்க வேண்டும். ஜன்னலுக்கு வெளியே கார்களும் வெறும் மரங்களும். உள்ளே எங்களுக்கு ஜூன், சரிவெல்லாம் இளஞ்சிவப்பு. குணம் அண்ணையும் ஒருநாள் மெதுவாக, “புல்வெளி வந்திட்டுதோ?” என்று கேட்டார்.

வந்தது. கடைசியாக அவர் தெளிவாகப் பேசிய மத்தியானம் அது. நான் குளிப்பிடத்து வாசல்வரை கொண்டுபோய் நிறுத்திவிட்டேன். அதற்கு மேல் எனக்குத் தெம்பு இல்லை. அவர்தான் தொடர்ந்தார். “கழட்டி வைச்சிட்டன். நல்ல சூடு. நீ ஏன் வாசல்லை நிக்கிறாய்? இறங்கு.” நெடுநேரம் அந்த நீரில் இருந்தார். பிறகு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். “நளா, உன்னை ஒரு சத்தியத்திலை கட்டிப்போட்டனான். அவிழ்த்து விடுறன். கதவைப் பூட்டாதை. எல்லாரும் வரட்டும். பேந்து இதை எழுது. பழனிக் கதையும் எழுது, சனம் சிரிக்கட்டும்.”

பிரேத அறைக்கு அடுத்த சிறு அறையில் அவரைக் கிடத்தியிருந்தார்கள். பெண்கள் அரப்பும் எண்ணெயுமாக வெளியே காத்திருந்தார்கள். நான் கதவைத் திறந்து, வாருங்கள் என்றேன். நான் துணியை விலக்கினேன். எங்களுக்குள் மூத்தவரான சரசு மாமி தழும்பையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்தத் திருநீற்றைக் கண்ணில் ஒற்றி வாங்கியவர் அவர். “இது எப்ப?” என்றார்.

“பழனிக்குப் போன வருசம், மாமி.”

மாமிக்கு விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. “நாங்கள் என்னடி பிறத்தியாரோ, எங்களுக்கு ஒளிக்க?” என்று செத்தவரைப் பார்த்து ஏசினார். ஏசிக்கொண்டே அழுதார். பிறகு என் கையிலிருந்த செம்பைப் பறித்து, நீரைத் தன் மணிக்கட்டில் விட்டுச் சூடு பார்த்தார். ஒரு கையால் அந்தத் தழும்பைத் தடவியபடி மெல்ல ஊற்றினார். தலைக்கு வந்தபோது குனிந்து, “கண்ணை மூடு பவளம், அரப்புப் படும்,” என்றார்.

ஜூனில் நான் போகிறேன். அக்காவின் பெயரில் எடுத்த விமானச் சீட்டில் குணம் அண்ணையால் வர முடியாது, புதிதாக ஒன்று எடுத்திருக்கிறார். ஆண்கள் பக்கம் வேறு, ஆகவே அந்தப் பெரிய ஜன்னலுக்கு முன்னால் நான் தனியாகத்தான் இருப்பேன். பவளம் அக்காவிடமிருந்து எனக்கென்று ஒரு பொருளும் எடுத்துக்கொள்ளவில்லை. தன் வாழ்நாளெல்லாம் தாழ்ப்பாள் போட்ட ஒரு மனுசி, கதவைப் பூட்டாதே என்று என்னை நம்பிச் சொன்னார். அதை வைத்திருக்கிறேன்.