பரிசலுக்கு வயது வரம்பு

ஓய்வு பெற்றவனுக்கு ஓய்வையே பரிசாகக் கொடுக்கும் வழக்கம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியவில்லை. நான் ஓய்வு பெற்றுப் பல வருடம் கழித்து எங்கள் மகன் கொடுத்தான். பெங்களூர் வைட்ஃபீல்டில் அடுக்குமாடியின் உச்சியில், வானத்துக்குப் பக்கத்தில் குடியிருக்கிறவன். காட்டு விடுதி ஒன்றில் இரண்டு இரவு தங்க எங்கள் இருவருக்கும் பணம் கட்டிவிட்டு, ஜோகுபாளையத்தில் இருக்கிற எனக்குப் போனில் தகவல் மட்டும் சொன்னான். போகிறீர்களா என்று கேட்கவில்லை. கேட்டால் நான் மாட்டேன் என்பேன் என்று அவனுக்குத் தெரியும்.

அது என் தொழில் ரகசியம். மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் நிர்வாக அதிகாரியாக இருந்தவன் நான். விடுப்பு, பயணப்படி, பதவி உயர்வு என்று எந்த விதியைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் உட்பிரிவோடு சொல்வேன். ஆனால் எங்கள் பிரிவு உண்மையில் ஓடியது புத்தகத்தில் இல்லாத ஒரு விதியால்தான். விதி தெளிவாக இல்லையென்றால் நல்லது, வேலையை முடித்துவிட்டுப் பேசாமல் இரு. மேலிடத்துக்கு விளக்கம் கேட்டு எழுதாதே. எழுதினால் பதில் வந்துவிடும். வருகிற பதில் எப்போதும் ‘கூடாது’ என்றுதான் இருக்கும். இதைத் தெரிந்துகொள்ளாத எத்தனையோ பேர் நன்றாக நடந்துகொண்டிருந்த காரியத்தை ஒரே கடிதத்தில் நிறுத்தியதைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன்.

மகன் அந்த விடுதியைத் தேர்ந்தெடுத்தது எனக்காக இல்லை, அம்மாவுக்காக. என் மனைவிக்கு அடுத்த மாதம் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை. அதற்குப் பிறகு தரையில் உட்காரக் கூடாது, காலை மடக்கித் தாழ உட்காரவே கூடாது என்று டாக்டர் வரிசையாகச் சொல்லிக்கொண்டு போனார். அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, பரிசலில் உட்காரலாமா என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். டாக்டருக்குப் பரிசல் என்றால் என்னவென்று தெரியவில்லை. இரண்டு கையாலும் வட்டம் போட்டுக் காட்டினாள். எவ்வளவு தாழ்வு என்று கேட்டார். ஏறக்குறையத் தரைதான் என்றாள். அவர் கூடாது என்று தலையை ஆட்டிவிட்டார்.

பள்ளிக்கூடத்தில் புவியியல் டீச்சராக இருந்தவள். தேசத்தின் நதிகளையெல்லாம் சுவர் வரைபடத்தில் குச்சியால் தொட்டுக் காட்டியவள், ஒன்றில்கூட மிதந்ததில்லை. ஒகேனக்கலுக்குப் போன வருடம் வெள்ளம் என்று பரிசலை நிறுத்திவிட்டார்கள். இன்னொரு முறை தண்ணீர் சரியாகத்தான் இருந்தது, நான்தான் சரியில்லை. ஆக இந்த மாதம் விட்டால் அவளுக்குப் பரிசல் கிடையாது. விடுதியின் விளம்பரப் படத்தில் பரிசல் இருந்ததால்தான் மகன் பணம் கட்டினான்.

கனகபுரா ரோட்டு நெரிசலைத் தாண்டுவதற்குள்ளேயே என் உற்சாகத்தில் பாதி தீர்ந்துவிட்டது. மீதியை விடுதிக்காரர்கள் ஜீப்பில் வைத்துக் குலுக்கித் தீர்த்தார்கள். வாசலில் கழுத்துக்கு மாலை, கைக்கு நன்னாரி சர்பத். மேனேஜர் நாற்பது வயதுக்காரர், கொள்ளேகால் பக்கம், கன்னடக்காரர், தமிழ் தாராளமாகப் பேசினார். என்ன ஆறு இது என்று என் மனைவி கேட்டாள். “காவிரிதான் மேடம்” என்றார். பெங்களூர்த் தமிழர்கள் பொது இடத்தில் அந்தப் பெயரைச் சற்றே குரலைத் தாழ்த்தித்தான் சொல்வோம். நான் திரும்பிப் பார்த்ததைக் கவனித்துவிட்டு, “பயப்படாதீங்க சார், இங்க உங்களுக்கும் எங்களுக்கும் சேர்த்தே ஓடுது” என்றார். எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. அதனால் பின்னால் நடந்தது இன்னும் எரிச்சலாக இருந்தது.

கூடாரம் என்றார்கள். உள்ளே கட்டில், மின்விசிறி, வெந்நீர் எல்லாம் இருந்தன. கதவு மட்டும் இல்லை, அதற்குப் பதில் ஒரு நீளமான ஜிப். குரங்கு வரும், ஜிப்பை மூடியே வையுங்கள் என்று எழுதி மாட்டியிருந்தார்கள். குரங்கு வந்தது. ஜிப்பை அது என்னைவிட வேகமாகத் திறந்தது. என் பற்பசையை எடுத்துக்கொண்டு மரத்தில் உட்கார்ந்து, ருசி பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தது. மேனேஜரிடம் சொன்னேன். “அது ரெகுலர் சார்” என்றார்.

இரண்டு மரத்துக்கு நடுவே வலைத்தொட்டில் கட்டியிருந்தது. ஓய்வெடுக்கத்தானே வந்தோம் என்று ஏறிப் படுத்தேன். ஏறுவது எளிது. இறங்குவதற்கான வழிமுறை எங்கேயும் எழுதப்படவில்லை. ஒரே நிறத்தில் டீ-சர்ட் போட்டுக்கொண்டு ஏதோ கம்பெனியிலிருந்து உல்லாசப் பயணம் வந்திருந்த பிள்ளைகள் நாலு பேர் சேர்ந்து என்னை அவிழ்த்துவிட்டார்கள். அங்கிள், நல்லா ரிலாக்ஸ் ஆனீங்களா என்று அதில் ஒருவன் அக்கறையாகவே கேட்டான்.

இரண்டாம் நாள், சனிக்கிழமை சாயங்காலம் பரிசல். வெயில் இறங்கியதும் கரைக்குப் போனோம். பரிசல்காரர் மிதவைச் சட்டைகளை எடுத்துக் கொடுத்தார். ஆரஞ்சு நிறம், வெயிலில் வெளுத்துப் பிஸ்கெட் நிறத்துக்கு வந்திருந்தது. என் மனைவிக்குக் கொடுத்ததில் ஒரு பக்கிள் உடைந்து, அந்த இடத்தில் கயிறு கட்டியிருந்தது. அவள் அதைக் கவனிக்கவில்லை, அல்லது கவனித்தும் சட்டை செய்யவில்லை. போட்டுக்கொண்டு, கரையில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் முறை வருவதற்காக உட்கார்ந்திருந்தாள். ஸ்கூல் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் பிள்ளை போல முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தாள்.

நான் மேனேஜரிடம் போனேன். இந்தச் சட்டைகளை யார் சோதிக்கிறார்கள், காப்பீடு இருக்கிறதா, வயதானவர்களுக்கு என்ன விதி என்று கேட்டேன். நீங்கள் போய் உட்காருங்கள், இந்த மாதம் கரையோரம் இடுப்பளவு தண்ணீர்தான், ஒன்றும் ஆகாது என்றார். என் உத்தியோக அகராதியில் ‘ஒன்றும் ஆகாது’ என்பது பதில் அல்ல. தலைமை அலுவலகத்தின் ஈமெயில் முகவரியைக் கேட்டேன். வேண்டாமே சார் என்பதுபோல் ஒரு கணம் நின்றார். பிறகு கொடுத்தார்.

அந்தக் காட்டில் செல்போன் சிக்னல் கிடைப்பது சமையற்கட்டுக்குப் பின்னால் இருக்கும் ஒரு பாறையின் உச்சியில் மட்டும். மூச்சு வாங்க அதில் ஏறினேன். தவறு செய்வதற்காக அவ்வளவு சிரமப்பட்டவன் வேறு யாரும் இருக்க மாட்டான். பாறை மேல் நின்றுகொண்டு, வரிசை எண் போட்டு, மரியாதையாக, தெளிவாக எழுதி அனுப்பினேன்.

எந்த அரசு அலுவலகமும் வெட்கப்படும் வேகத்தில் பதில் வந்தது. எனக்கு ஒன்று, மேனேஜருக்கு நகல் ஒன்று. சுட்டிக்காட்டியதற்கு நன்றி. சட்டைகள் உடனே சரிசெய்யப்படும். அறுபத்தைந்து வயதைக் கடந்த விருந்தினர்களுக்கு இன்று முதல் பரிசல் அனுமதி இல்லை.

என் மனைவிக்கு அறுபத்தேழு.

நான் பாறையிலிருந்து இறங்குவதற்குள் மேனேஜர் அலுவலக அறைக் கம்ப்யூட்டரில் படித்துவிட்டார். “இத்தனை வருஷம் இந்த மாதிரி ரூல் கிடையாது சார்” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. “நீங்க கேட்டீங்க, வந்துடுச்சு.”

நான் கரைக்குப் போய் அவளிடம் சொன்னேன். அவள் கயிற்று முடிச்சை அவிழ்த்து, சட்டையைக் கழற்றி, மடித்து, பரிசல்காரரிடம் கொடுத்தாள். டீ-சர்ட் பிள்ளைகள் அதை வாங்கிப் போட்டுக்கொண்டு பாட்டுப் பாடியபடி பரிசலில் ஏறினார்கள். வந்த காபியை அவள் ஆறவிட்டாள்.

“பயமா இருந்தா பயமா இருக்குன்னு என்கிட்ட சொல்லியிருக்கலாமே. எதுக்குங்க ஹெட் ஆபீசுக்கு எழுதினீங்க?”

பக்கிளை மாற்றிவிடுவார்கள் என்று மட்டும் சொன்னேன். நல்லது, யாராவது உபயோகிப்பார்கள் என்றாள்.

இருட்டியதும் தீ மூட்டி அதைச் சுற்றி நாற்காலி போட்டார்கள். அதற்குப் பெயரும் ஓய்வுதான். ஒருபக்கம் சூடு, மறுபக்கம் கொசு, நடுவில் டீ-சர்ட்காரர்களின் ஸ்பீக்கர். நான் மனதுக்குள் மேல்முறையீடு எழுதிக்கொண்டிருந்தேன். மருத்துவச் சான்றிதழ் கேட்கலாம், சிறப்பு விலக்கு கோரலாம், மகனை விட்டுப் பேசச் சொல்லலாம். எல்லாவற்றுக்கும் திங்கட்கிழமை வேண்டும். நாங்கள் கிளம்புவது மறுநாள் ஞாயிறு மதியம். அப்போதுதான், எங்கள் அலுவலகத்தில் சிக்கலான கோப்புகள் எல்லாம் எப்போது நகர்ந்தன என்பது நினைவுக்கு வந்தது. மேல்முறையீட்டில் ஒன்றுகூட நகர்ந்ததில்லை. அதிகாரி லீவில் போகிற நாளில், பொறுப்பில் இருப்பவர் கையெழுத்துப் போட்டு நகர்ந்தன.

மேனேஜர் அறைக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கப் போனதாக அவர் நினைத்திருக்கலாம். நான் கேட்டது வேறு.

“நாளைக்குக் காலையில நீங்க டியூட்டியிலதான் இருப்பீங்களா?”

புரிந்துகொண்டார். “கேஸ் சிலிண்டர் எடுக்க டவுனுக்குப் போகணும் சார். டிபன் நேரத்துக்குத்தான் வருவேன்.”

“அதுவரைக்கும் யார் பொறுப்பு?”

“பரிசல்காரர்தான் இங்க சீனியர். அவருக்கு ஈமெயில் எல்லாம் கிடையாது.”

எழுந்தேன். அவர் கையை உயர்த்தி நிறுத்தினார். “ஆனா நீங்க கரையில இருக்கக் கூடாது. கேள்வி கேட்டவரே நீங்கதான். நீங்க நின்னு பார்த்தா, தெரிஞ்சே நடந்த மாதிரி ஆயிடும். அந்த நேரத்துல நீங்க பறவை பார்க்கப் போயிடுங்க சார்.”

ஓட்டை எங்கே என்று தேடினேன். இல்லை. இந்த மனிதர் எங்கள் அலுவலகத்தில் இருந்திருந்தால் என்னைவிடப் பெரிய பதவியில் ஓய்வு பெற்றிருப்பார்.

விடியலில் மனைவியிடம் விஷயத்தைச் சொன்னேன். நீங்கள் வரவில்லையா என்று கேட்டாள். வரக் கூடாதாம் என்றேன். அப்படியா, சரி என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொல்லியிருக்கலாம்.

பறவை பார்ப்பது என்பது, தூங்க வேண்டிய நேரத்தில் எழுந்து, தெரியாத ஒன்றைத் தெரிவதாகச் சொல்லிக்கொண்டு மேடு ஏறுவது. வழிகாட்டி கிசுகிசுவென்று பேசினார். டீ-சர்ட் பிள்ளைகளும் கிசுகிசுப்பதாக நினைத்துக் கத்தினார்கள். பறவைகள் இரண்டையும் கேட்டுவிட்டுப் போய்விட்டன. கடைசியில் ஒரு பெரிய பாறைக்கு வந்தோம். கீழே ஆறு ஒரு வளைவு முழுக்கத் தெரிந்தது. குழுவுக்கு இருந்த ஒரே பைனாக்குலரை வயதுக்கு மரியாதை கொடுத்து முதலில் என்னிடம் நீட்டினார்கள்.

ஆற்றில் பரிசல் இருந்தது. தட்டு மாதிரி, அதில் வெளுத்த ஆரஞ்சுப் பொட்டு ஒன்று. துடுப்போடு பரிசல்காரர். அவள் இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நடுவில் போனதும் அவர் பரிசலை மெதுவாகச் சுழற்றினார். ஒரு சுற்று, இன்னொரு சுற்று. விளிம்பை விடாதே என்று இங்கிருந்தே சொன்னேன். அவள் ஒரு கையை எடுத்துவிட்டாள். எடுத்து, மணிக்கட்டு முழுக்கத் தண்ணீரில் விட்டாள். பரிசல் சுற்றச் சுற்ற அந்தக் கை ஆற்றில் வட்டம் போட்டுக்கொண்டிருந்தது. டாக்டருக்குக் காட்டிய அதே வட்டம். அவ்வளவு தூரத்தில் முகம் தெரியவில்லை. பைனாக்குலரின் திருகை முன்னும் பின்னும் திருகிப் பார்த்தேன். இதைத் தயாரித்தவர்களுக்கு யாராவது எழுதிக் கேட்க வேண்டும்.

“என்ன தெரியுது சார்?” என்று வழிகாட்டி கன்னடத்தில் கிசுகிசுத்தார். எல்லோரும் பின்னால் வரிசையில் நின்றார்கள்.

“நீர்க்காகம்” என்றேன்.

“எத்தனை?”

“ஒண்ணே ஒண்ணு.”

அங்கிள், நாங்களும் பார்க்கிறோம் என்று ஒரு பிள்ளை கையை நீட்டினான். இருப்பா, இன்னும் பறக்கவில்லை என்று, பரிசல் கரை மரங்களின் நிழலுக்குள் போகிறவரை நான் பைனாக்குலரைக் கொடுக்கவில்லை. அரசுச் சொத்தையோ பொதுச் சொத்தையோ நான் இப்படி வைத்துக்கொண்டது அதுதான் முதல் தடவை.

டிபனுக்கு அவள் எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தாள். புடவைத் தலைப்பு ஈரமாக இருந்தது. தட்டில் ஒன்றுக்கு இரண்டாக, அரிசி மாவில் தட்டிய அக்கி ரொட்டி. எப்படி இருந்தது என்று கேட்டேன்.

“அமைதியா இருந்துச்சு. யாரும் எதுவும் கேக்கல.”

பிறகு, நான் எதிர்பார்க்காதபோது, தானாகவே சொன்னாள். “எந்திரிக்கத்தான் முடியல. அந்தப் பரிசல்காரரும் சமையல்காரரும் ஆளுக்கொரு பக்கம் பிடிச்சுத் தூக்கினாங்க. மூணு பேரும் ஒரே சிரிப்பு.” முழங்காலை மேஜைக்கு அடியில் தடவிக்கொண்டாள். “இனி இதை டாக்டர் எடுத்துக்கட்டும்.”

மேனேஜர் சிலிண்டரோடு ஜீப்பில் வந்து இறங்கினார். அவளைப் பார்க்கவே இல்லை. நேரே என்னிடம் வந்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, பறவை நிறைய இருந்ததா சார் என்றார். போதுமான அளவு இருந்தது என்றேன்.

திரும்பும் வழியில் கனகபுரா ரோட்டில் வண்டி நின்றுவிட்டது. முன்னாலும் பின்னாலும் ஹாரன். மகன் போன் செய்தான். அம்மா பரிசலில் போனாளா, எப்படி இருந்தது என்று கேட்டான். அவள் ஜன்னலில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடியிருந்தாள். தூங்கவில்லை, கேட்டுக்கொண்டிருந்தாள்.

“எனக்குத் தெரியாதுப்பா” என்றேன். “நான் பறவை பார்க்கப் போயிருந்தேன்.”