பேட்டரி மாமாவின் சட்டைப் பை

அறைக்குள் நுழைந்ததும் சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி, பேட்டரியை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். காலையில் எடுத்த காட்சியையும் மாலையில் எடுத்ததையும் ஒட்டும்போது முள் தாவிவிடக் கூடாதே! தொலைக்காட்சித் தொடர்களுக்கு அரங்கம் ஜோடிக்கிறவருக்குப் பேட்டரி மாமா என்ற பெயர் வந்தது அப்படித்தான். கேமரா ஃபிரேமுக்குள் வரக் கூடாத எதுவும் அவர் கண்ணுக்குத் தப்பாது. தண்ணீர் பாட்டில், நடிகையின் செருப்பு, ஒருமுறை தூங்கிக்கொண்டிருந்த இயக்குநர். கைப்பழக்கத்தில் வீட்டுக் கடிகாரத்தையும் நிறுத்திவிட்டு மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதுண்டு.

மாமா வேலை பார்க்கும் தொடர் கம்பெனி தொடங்கியது முதலாளி வீட்டுக் கார் ஷெட்டில். இருந்தது ஒரே சோபா. பூப்போட்ட உறை போட்டால் பணக்காரர் வீடு, கழற்றினால் வாத்தியார் வீடு. முதல் தொடரே ஓடு ஓடென்று ஓடியது. அப்புறம் என்ன, பதினாறு தொடர்கள், மூன்று மாடிக் கட்டடம். எத்தனை பேர் வந்தாலும், முதலாளியை “அண்ணே” என்று கூப்பிடும் உரிமை மாமாவுக்கு மட்டும்தான்.

பெரிய நிறுவனம் ஒன்று கம்பெனியை விலைக்குக் கேட்டபோது முதலாளி நெஞ்சுவலியிலிருந்து தேறிக்கொண்டிருந்தார். அந்தச் சோபாவில் உட்கார்ந்து மாமாவிடம்தான் யோசனை கேட்டார். மாமா சற்றும் தயங்காமல், “குடுத்துடுங்கண்ணே. உடம்புதான் முக்கியம்” என்றார். கம்பெனி அப்படியே இருக்கும், அண்ணன் கொஞ்சம் ஓய்வெடுப்பார் என்று நம்பியிருக்கிறார், பாவம்! ஆறே மாதத்தில் பெயர்ப்பலகை இறங்கியது. பழைய ஆட்களில் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள். மாமாவை மட்டும் வைத்துக்கொண்டார்கள். அதுவே அவருக்குப் பெரிய உறுத்தல்.

“வேணாம்ணேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா குடுத்திருக்கவே மாட்டாரு” என்று சாப்பாட்டு இடைவேளையில் யார் அகப்பட்டாலும் சொல்லி மாய்ந்துபோவார்.

போன வாரம் முதலாளி படப்பிடிப்பு பார்க்க வந்தார். வாசலில் இருந்த புதிய காவலாளிக்கு அவரை அடையாளம் தெரியவில்லை. ‘பார்வையாளர்’ என்று எழுதிய அட்டையைக் கழுத்தில் மாட்டி உள்ளே அனுப்பிவிட்டார். மறுபேச்சில்லாமல் வந்த முதலாளி, பழைய சோபாவின் ஓரத்தில் ஒண்டி உட்கார்ந்தார். மாமாவின் முகம் சுண்டிப்போயிற்று. கிட்டே போய், அந்த அட்டையை மெல்லக் கழற்றினார்.

“இது ஃபிரேம்ல வேணாம்ணே.”

பேட்டரிகளோடு அதையும் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு, குனிந்து சோபா உறையின் சுருக்கத்தை நீவத் தொடங்கினார்.