மணி நின்ற ஆறாவது வளைவு

இன்று ஞாயிறு. காலை ஆறு இருபதுக்கு, எனக்கு முன்னால் மலையிறங்கிக்கொண்டிருந்த குணம் அண்ணை ஒரு வளைவில் சட்டென்று நின்றுவிட்டார்.

மலை என்றால் நிஜ மலை இல்லை. ஆக்லாந்தின் கிளென் ஈடனில் எங்கள் வீட்டு கராஜில், சைக்கிளின் பின்சக்கரத்தை ஓர் உருளைமேல் ஏற்றி வைத்திருக்கிறேன். மிதித்தால் எதிரே டிவியில் ஒரு மலைச்சாலை நகரும். என் பெயரைத் தலைக்குமேல் சுமந்துகொண்டு ஒரு பொம்மை அதில் ஓட்டிப்போகும். துறைமுகப் பாலத்துக்கு அந்தப் பக்கம், கிளென்ஃபீல்டில், குணம் அண்ணை வீட்டு கராஜிலும் இதே ஏற்பாடு. ஞாயிறுதோறும் எங்கள் இரண்டு பொம்மைகளும் ஒன்றாகப் போகும். இன்று அவருடையது நின்றது. என்னுடையது அதைக் கடந்து போய்விட்டது. போன் செய்தேன். எடுக்கவில்லை. மறுபடி மறுபடி செய்தேன். அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. அவர் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுபவர், காலை ஷிஃப்டுக்குப் போயிருப்பார். வீட்டில் வேறு யாரும் இல்லை.

மிதிப்பதை நிறுத்திவிட்டு போனைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். உருளையில் தேய்ந்த டயரிலிருந்து சூடான ரப்பர் வாடை வந்தது. அந்த வாடையை எனக்கு நன்றாகத் தெரியும். கிரீட் தீவில், ஒரு மலை இறக்கத்தில், என் பிரேக் கட்டைகளிலிருந்து வந்த அதே வாடை.

கொஞ்சம் முன்னாலிருந்து சொல்ல வேண்டும். எனக்கு இருபத்திரண்டு வயதிலிருந்து நாட்குறிப்பு எழுதும் பழக்கம். சைக்கிள் ஓட்டத் தொடங்கிய பிறகு அதற்கென்று தனியாக ஒரு நோட்டு. தூரம், ஏற்றம், காற்று, சாப்பிட்டது என்று கோடு போட்ட கட்டங்கள். கடைசிக் கட்டம் 'பயம்', பத்துக்கு இத்தனை என்று. என் மனைவி ஒருநாள் அதைப் பார்த்துவிட்டு, "பயத்துக்கு மார்க் போடுற ஒரே ஆளு நீங்கதான்" என்றாள். ஏறும்போது எனக்குப் பயமில்லை. மூச்சு வாங்கும், அவ்வளவுதான். இறங்கும்போதுதான். விரல் தடிமன் உள்ள இரண்டு டயர்களை நம்பி மலையிலிருந்து விழுவதைப் போன்ற காரியம் அது. எங்கள் ஊர்ப் பக்கத்து வைட்டாக்கரே மலையின் ஈரச் சாலைகளுக்கு அந்தக் கட்டத்தில் ஏழும் எட்டும் போட்டிருக்கிறேன்.

குணம் அண்ணை பழக்கமானது ஈஸ்ட் டாமாக்கியில், இந்த நாட்டில் என் முதல் வேலையில். ஒரு பெரிய கிடங்கு. அவர் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார், நான் பெட்டிகளை எண்ணினேன். எண்ணுவது எனக்கு அன்றே கைவந்த கலை. யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடம் போனதிலிருந்து சைக்கிளை விடாதவர் அவர். விலையுயர்ந்த கார்பன் சைக்கிளில் பழைய பித்தளை மணி ஒன்றைப் பூட்டியிருந்தார். உடன் ஓட்டும் வெள்ளைக்காரர்கள் அதைப் பார்த்து, தபால்காரரா என்று கேலி செய்வார்கள். அவர் கழற்றவில்லை. இறக்கத்தில் அவர் முன்னால் போவார். ஒவ்வொரு வளைவையும் தாண்டியதும் ஒரு தரம் மணியடிப்பார். பாதை சரியாக இருக்கிறது, வரலாம் என்று பொருள். பனிமூட்டத்தில் அவரைப் பார்க்க முடியாத நாட்களிலும் அந்த மணியைப் பிடித்துக்கொண்டே நான் கீழே வந்து சேர்ந்திருக்கிறேன்.

அவருடைய ஐம்பத்தைந்தாவது பிறந்தநாளுக்கு நாங்கள் இருவரும் கிரீட் போனோம். ஒரு வாரம். ஆலிவ் தோப்பு, கல்சுவர், நடுச்சாலையில் நின்று நம்மை முறைக்கும் ஆடுகள், மலைக்கு ஒன்றாய் ஒட்டிக்கொண்ட வெள்ளைக் கிராமங்கள். முதல் நாளே அந்தப் பெட்டிகளைப் பார்த்தோம். சாலை வளைவுகளில், இடுப்பளவு உயரக் கால்களின்மேல், தகரத்தில் செய்த குட்டிக் கோயில். கண்ணாடிக் கதவு. உள்ளே ஒரு சாமி படம், எண்ணெய் விளக்கு, பக்கத்தில் பழைய தண்ணீர் பாட்டில் ஒன்றில் எண்ணெய்.

"இவையளின்ர வைரவர்" என்றார் குணம் அண்ணை. "பாரும், ஒவ்வொரு முடக்கிலயும் காவல் வச்சிருக்கினம்."

எனக்கும் அது வழிப்பிள்ளையாராகத்தான் பட்டது. மூன்று நாள் ஒவ்வொரு பெட்டிக்கும் அவர் மணியடித்து நெஞ்சைத் தொட்டுக்கொண்டார். நான் பின்னால் வந்து தலையைக் குனிந்தேன். அந்த மூன்று நாளும் என் நோட்டில் பயம் நான்கைத் தாண்டவில்லை. இறக்கத்தில் நான்கு என்பது எனக்குச் சரித்திரம்.

நான்காம் நாள் காலை அதைக் கெடுத்தவன் நான். தங்கியிருந்த வீட்டுக்கார அம்மாள் ரொட்டியும் தேனும் வைத்தபோது, நோட்டில் சரியாக எழுத வேண்டுமே என்று, அந்தப் பெட்டிகளில் இருப்பது எந்தச் சாமி என்று கேட்டேன். அவருக்குத் தெரிந்த கொஞ்சம் ஆங்கிலத்தில் சொன்னார். பெட்டி இருக்கும் இடமெல்லாம் யாரோ சாலையிலிருந்து கீழே விழுந்த இடம். செத்தவருக்கு வீட்டார் வைப்பார்கள். பிழைத்தவர் தானே நன்றிக்கு வைப்பதும் உண்டு. பிறகு, வெளியே செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த கணவரைக் காட்டி, மலையில் நீலப் பெட்டி இவருடையது என்றார். அவர் எங்களைப் பார்த்துக் கையசைத்தார்.

குணம் அண்ணை ரொட்டியைப் பாதியில் வைத்துவிட்டார்.

அன்று ஏறி இறங்க வேண்டிய மலையில் பதினான்கு வளைவுகள். உச்சியில் தண்ணீர் குடித்துவிட்டு வழக்கம்போல் அவர் முன்னால் இறங்கினார். முதல் வளைவு, மணி. இரண்டாவது, மணி. நான் இரண்டு பிரேக்கையும் அழுத்திப் பிடித்ததில் ரப்பர் தீய்ந்த வாடை மூக்கில் ஏறியது. ஐந்தாவது வளைவில் மணி மெதுவாகக் கேட்டது. ஆறாவதில் கேட்கவில்லை.

காத்திருந்தேன். காற்றும் தூரத்தில் ஓர் ஆட்டின் கழுத்துமணியும் தவிர எதுவும் இல்லை. இடப்பக்கம் சுவர்கூட இல்லாமல் பள்ளம். பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். என் குரல்தான் திரும்பி வந்தது. அன்றைய கட்டத்தில் பத்து என்று எழுதியிருக்கிறேன். அதற்குமேல் எழுத இடமில்லாததால்தான் பத்து. சைக்கிளிலிருந்து இறங்கி, மலைப்பக்கமாக ஒட்டி, தள்ளிக்கொண்டே வளைவைத் திரும்பினேன்.

பெட்டிக்கு எதிரே பாறையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அடி எதுவும் இல்லை. சைக்கிள் பக்கத்தில் கிடந்தது. பெட்டிக்குள் சாமி படத்தோடு ஒரு புகைப்படமும் இருந்தது. மீசை வைத்த, எங்கள் வயதுள்ள ஆள்.

"என்னால ஏலாது" என்றார். "கை பிரேக்கை விடுகுதில்லை."

பாதிப் பெட்டி பிழைத்தவர்கள் வைத்ததுதானே என்று சொன்னேன். பாதி என்று அந்த அம்மாள் சொல்லவில்லை. நான் சேர்த்தது.

"எது எதெண்டு எழுதி வச்சிருக்கிறீரோ?"

"இல்லண்ணே."

தரையைப் பார்த்தபடி, "உமக்காண்டியே நான் இவ்வளவு காலமும் மணி அடிச்சனான்?" என்றார். "என்ர பயத்தில அடிச்சது. நீர் பின்னால வாறீர் எண்டு தெரிஞ்சாத்தான் என்ர கை இளகும்."

இத்தனை வருடம் நான் பிடித்துக்கொண்டு வந்த கயிற்றின் மறுமுனையை அவர் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"ஒரு பெட்டி மட்டும் நிச்சயமாத் தெரியும்ணே. நீலம். அந்த ஆளு இன்னைக்குக் காலைல செடிக்குத் தண்ணி விட்டாரு. அதுவரைக்கும் போவோம்."

அவர் எழுந்தார். நான் முன்னால் போனேன். என் சைக்கிளில் மணி இல்லை. வளைவுக்கு வளைவு நின்று, "வாங்கண்ணே" என்று கத்தினேன். பின்னாலிருந்து "ஓம்" என்று வந்த பிறகுதான் அடுத்த வளைவு. நீலப் பெட்டி பதினொன்றாவதில் இருந்தது. இருவரும் இறங்கி அதன் தகரக் கூரையைத் தொட்டுக்கொண்டோம். வெயிலில் சுட்டது. கிராமத்துக்கு வந்து சேர இரண்டு மணி நேரம் ஆனது; அதில் பாதித்தூரம் நடை.

ஆக்லாந்து திரும்பியபின் அவர் சாலையில் ஓட்டவில்லை. முழங்கால் வலி என்றார். நானும் எந்த முழங்கால் என்று கேட்கவில்லை. ஆறு மாதத்தில் உருளை வாங்கினார்; பிறகு நானும். மூன்று வருடமாக என் நோட்டின் கடைசிக் கட்டத்தில் வெறும் சைபர்.

ஏழு மணிக்கு ஒரு நிமிடம் இருக்கும்போது போன் அடித்தது.

"இன்ரநெற் நிண்டு போட்டுது" என்றார் குணம் அண்ணை. "ஃபோனை மேல வச்சிட்டு வந்திட்டன். ஒன்பது தரம் எடுத்திருக்கிறீர். பயந்திட்டீரோ?"

"ஆமாண்ணே."

"பத்துக்கு எத்தினை?"

"ஒன்பது."

சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "இந்த றோட்டில பெட்டி ஒண்டும் இல்லை, கவனிச்சனீரோ?" என்று கேட்டார்.

கவனித்திருக்கிறேன். டிவியில் ஓடும் இந்த மலையை உருவாக்கியவர்கள் ஆலிவ் மரத்தை வரைந்திருக்கிறார்கள், கல்சுவரை வரைந்திருக்கிறார்கள், சாலையைக் கடக்கும் ஆட்டைக்கூட விடவில்லை. பெட்டிகளை மட்டும் விட்டுவிட்டார்கள். மூன்று வருடமாக ஒவ்வொரு ஞாயிறும் ஒவ்வொரு வளைவிலும் நான் தேடிக்கொண்டுதான் இருக்கிறேன். நோட்டில் எழுதாத ஒரே விஷயம் அதுதான். எனக்கு முன்னால் போகிறவரும் தேடிக்கொண்டே போகிறார் என்பது இன்று காலைதான் தெரிந்தது.